ஊராட்சித் திட்டமிடலில் புவியியல் தகவல் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் தலைவர்கள், செயலர்கள், ஒன்றியப் பொறியாளர்கள், அவர்களோடு பணியாற்றும் தன்னார்வலர்கள் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் வட்டாரத்துக் கண்மாய்ப் பகுதிகளைச் சேர்ந்தவை.

புவியியல் தகவல் அமைப்பு என்பது கணினியில் வரைந்த வரைபடம்தானே?

வரைபடம் அதன் ஒரு பாதி மட்டுமே. மற்றொரு பாதி அட்டவணை. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் பரப்புக்கும் பின்னால் அட்டவணையில் ஒரு வரி இருக்கும். கைப்பம்பு புள்ளியாகவும், வண்டிப்பாதை கோடாகவும், கண்மாய் பரப்பாகவும் பதிவாகின்றன. கண்மாயின் வரியில் அதன் பெயர், புல எண், ஆயக்கட்டு (அதன் நீரால் பாசனம் பெறும் நிலம்), மடைகளின் எண்ணிக்கை, கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு ஆகியவை இடம்பெறும். ஆகவே, "ஐம்பது ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தும் கடந்த ஐந்தாண்டுகளாகத் தூர்வாரப்படாத கண்மாய்கள் எவை, அவற்றுள் எவற்றின் வரத்துக்கால்வாயைத் தார்ச்சாலை குறுக்கிடுகிறது" என்று கேட்டால், அமைப்பு அவற்றைத் தேடியெடுத்து நிறம் மாற்றிக் காட்டும். சுவரில் மாட்டியிருக்கும் படத்திடம் இப்படிக் கேட்க முடியாது. செயற்கைக்கோள் படம் இன்னொரு வகைத் தரவு. அது சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விடத்திலிருந்து திரும்பிய ஒளியின் அளவு எண்ணாகப் பதிந்திருக்கும்.

ஊரை உள்ளங்கையாக அறிந்தவர்கள் இருக்கும்போது ஊராட்சிக்கு இது ஏன் தேவை?

ஊரை அறிந்தவர்கள் தம் பகுதியை அறிவார்கள். பத்துக் குக்கிராமங்கள் கொண்ட ஓர் ஊராட்சியில் பத்தையும் சம அளவில் அறிந்தவர் அரிது. அப்படி ஒருவர் இருந்தாலும், அவர் சொல்வதை அடுத்த ஊராட்சியின் கணக்கோடு ஒப்பிட வழியில்லை. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பதினோராவது அட்டவணையின் 29 துறைகளிலும் திட்டமிடும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு வழங்க இடமிருக்கிறது. 2015 முதல் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. ஆனால் அந்த ஆவணங்கள் பல, சென்ற ஆண்டுப் பட்டியலில் ஆண்டை மட்டும் மாற்றியவையாகவே இருக்கின்றன. எந்தப் பணி எந்த இடத்தில் என்பது படத்தில் குறிக்கப்பட்டுவிட்டால், ஒரே தெருவில் மூன்று முறை சிமென்ட் சாலை போடப்பட்டிருப்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

தொடக்கத் தரவுகள் எங்கே கிடைக்கும்?

நினைப்பதைவிட அதிகமாக, அதுவும் இலவசமாகவே கிடைக்கின்றன. இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளத்தில் இந்தியச் செயற்கைக்கோள் படங்களும் ஊராட்சிகளுக்கான தனிப் பகுதியும் உள்ளன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 இணைக்கோள்கள் ஒரே இடத்தை ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் கட்ட அளவில் படமெடுக்கின்றன. பழைய நிலையை அறிய, 1972-இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசையின் படங்கள் உதவும். அவை 2008 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைத் தரவுகளும் பொதுவெளியில் உள்ளன. சாலையும் வீடுகளும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஓரளவுக்கு இருக்கும். இல்லாததை நீங்களே சேர்க்கலாம்.

இவற்றைவிட முக்கியமானவை வருவாய்த்துறையிடம் இருக்கின்றன: கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவுப் படம்), அ-பதிவேடு (புல எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் உள்ள பதிவேடு). புவன் தளத்தை முதலில் திறந்துவிட்டு கிராம நிர்வாக அலுவலரைக் கடைசியில் தேடுவோர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள் என்பது என் கருத்து.

எங்கள் ஊராட்சியின் எல்லை ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறாகத் தெரிகிறதே, எது சரி?

பயனர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வருவாய் கிராமம் வேறு, கிராம ஊராட்சி வேறு. வருவாய் கிராமம் நில அளவைக்கும் வரி வசூலுக்கும் ஏற்பட்டது. கிராம ஊராட்சி மக்களாட்சி நிர்வாகத்துக்கு ஏற்பட்டது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் அடங்கியிருக்கலாம். ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளாகப் பிரிந்தும் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல் பெரும்பாலும் வருவாய் கிராமத்தை ஒட்டியது. எனவே 2011 கணக்கெடுப்பின் எண்ணிக்கையை ஊராட்சி எல்லைக்குள் அப்படியே போட்டுவிட்டால், பக்கத்து ஊராட்சியின் மக்களும் உங்கள் குடிநீர்க் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள், அல்லது உங்கள் மக்களில் ஒரு பகுதியினர் விடுபடுவார்கள்.

இதற்குக் குறுக்குவழி இல்லை. ஊராட்சியில் அடங்கிய குக்கிராமங்களின் பட்டியலை ஒன்றிய அலுவலகத்திலிருந்து பெற்று, ஒவ்வொன்றும் எந்த வருவாய் கிராமத்தின் எந்தப் புல எண்களில் அமைந்திருக்கிறது என்பதை எழுதி, அந்தப் புலங்களைச் சேர்த்து எல்லையை உருவாக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் மேலே கட்டப்படும் எல்லாக் கணக்குகளும் ஆட்டம் காணும். பெயரை நம்பி இரண்டு அட்டவணைகளை இணைக்கவும் கூடாது. ஒரே மாவட்டத்தில் புதுப்பட்டி எத்தனை, புதூர் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் தனி எண் வழங்கியிருக்கிறது. இணைப்பதற்கு அந்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு நுணுக்கம் தெரியும்?

கட்டத்தின் அளவைப் பொறுத்தது. 10 மீட்டர் கட்டமுள்ள படத்தில் ஒரு ஹெக்டேர் நிலம் நூறு கட்டங்களாகத் தெரியும். கண்மாயின் நீர்ப்பரப்பையும் பயிர்ப் பரப்பையும் அளக்க இது போதும். மூன்று மீட்டர் அகல வரத்துக்கால்வாயோ, ஊருணியின் படித்துறையோ அதில் தெரியாது.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைக்கும். ஆகவே கண்மாய் நிறைந்த நிலைக்கு ஜனவரிப் படத்தையும், வறண்ட நிலைக்கு மே மாதப் படத்தையும் எடுப்பது நம் பகுதிக்கு ஏற்றது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைத் தரும் சென்டினல்-1 உண்டு. ஆனால் அதைப் படித்தறியத் தனிப் பயிற்சி தேவை.

நிறத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது. மே மாதப் படத்தில் எங்கும் வறண்டிருக்க, கண்மாயின் உள்வாய் (நீர் தேங்கும் உட்பகுதி) மட்டும் பசுமையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சீமைக்கருவேலம். பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டைக் கணக்கிடும் மென்பொருளுக்கு நெல்லும் ஒன்றுதான், சீமைக்கருவேலமும் ஒன்றுதான். நீர் நிரம்பிய ஜனவரியிலும் மரங்கள் மூடிய பகுதி நீராகப் பதிவாகாது. அதனால் கண்மாயின் பரப்பு உண்மையைவிடக் குறைவாகக் கணக்காகும். இந்தப் பிழையைப் பயனாகவும் மாற்றலாம்: அ-பதிவேட்டில் உள்ள பரப்புக்கும் ஜனவரியில் தெரியும் நீர்ப்பரப்புக்கும் இடையிலான வேறுபாட்டைப் படத்தில் காட்டினால், எங்கே மரம் மூடியிருக்கிறது, எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே உழவு நடந்திருக்கிறது என்று நேரில் சென்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கிடைத்துவிடும்.

கண்மாய் மராமத்துக்கு எதை முதலில் எடுப்பது என்று இது சொல்லுமா?

சொல்லும், ஆனால் கண்மாய்களைத் தனித்தனியாகப் பதிந்தால் சொல்லாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றில் பல சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு (உபரிநீர் வழியும் கட்டுமானம்) வழியே மறுகால் (உபரிநீர்க் கால்வாய்) பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். கீழே உள்ளதைத் தூர்வாரிவிட்டு மேலே உள்ளதன் மறுகால் அடைபட்டிருப்பதைக் கவனிக்காவிட்டால், ஆழப்படுத்திய பள்ளம் மழைக்காலம் முடிந்தும் காய்ந்தே கிடக்கும். கலிங்கின் உயரத்தை ஒரு முழம் கூட்டிக் கட்டினால் மேலூரார் மகிழ்வர், கீழூரார் வழக்குத் தொடர்வர்.

எனவே அட்டவணையில் இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: இந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் தரும் கண்மாய் எது, இதிலிருந்து தண்ணீர் பெறும் கண்மாய் எது. இந்த இரண்டும் நிரப்பப்பட்டுவிட்டால் சங்கிலி முழுவதும் தானாகவே வரைபடத்தில் எழும். எந்த ஒரு மறுகாலைச் சீர்செய்தால் எத்தனை கண்மாய்களும் எத்தனை ஏக்கர் ஆயக்கட்டும் பயன்பெறும் என்று கணக்கிடலாம். அடுத்த சிக்கல் அதிகாரம் சார்ந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒரே சங்கிலியில் இரண்டும் மாறி மாறி வரும். பொறுப்பாளர் யார் என்பதை நிறத்தால் வேறுபடுத்திக் காட்டும் வரைபடத்தை இரு துறையினரின் கூட்டத்தில் விரித்து வைத்தால், கடிதப் போக்குவரத்தில் மாதக்கணக்கில் நகராத விவாதம் அன்றைக்கே தொடங்கும்.

இந்தச் சங்கிலியைக் கணினியே கண்டுபிடித்துத் தந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு, 30 மீட்டர் கட்ட அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து ஓடைகளையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் மென்பொருள் சில நிமிடங்களில் வரைந்துவிடும். கொல்லிமலை, சிறுமலை போன்ற சரிவான நிலத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இராமநாதபுரம் போன்ற சமவெளியிலோ கதை வேறு. அங்கே ஒரு கண்மாய்க்கும் அடுத்ததற்கும் இடையிலான உயர வேறுபாடே மிகச் சிறியது. அந்தத் தரவின் பிழை சில மீட்டர் வரை போகக்கூடியது. கரையையும் பனைமர வரிசையையும் மேடென்று கருதி, தண்ணீர் ஒருபோதும் ஓடாத திசையில் மென்பொருள் ஓடை வரைந்துவிடும். படம் அழகாக இருப்பதால் நம்பவும் தோன்றும். அத்தகைய நிலத்தில் நம்பத்தக்க ஆதாரங்கள் இரண்டுதான்: லெவல் கருவி வைத்து எடுத்த அளவீடு; மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியோடு கால்வாய் நெடுக நடந்து, கையிலுள்ள அலைபேசியில் பதிந்த தடம்.

பள்ளி, சுகாதார நிலையம், சாலை ஆகியவற்றுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதிகளின் அளவுகோல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதும் அப்படிப்பட்டதே. பள்ளியை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, வெளியே விழும் குடியிருப்புகளை எண்ணுவது எளிய முறை. அது பறவைக்குப் பொருந்தும் கணக்கு. இடையில் ஓர் ஓடையோ நான்குவழிச் சாலையோ ரயில் பாதையோ இருந்தால், வட்டத்துக்குள் இருக்கும் குழந்தை மூன்று கிலோமீட்டர் சுற்றி நடக்கும். ஆகவே பாதைகளைக் கோடுகளாகப் பதிந்து, பாதை வழியே தூரத்தைக் கணக்கிடும் முறையையே பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலங்களைத் தனியே குறித்து, அவற்றை நீக்கிவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்கிட்டால், எந்த ஒரு பாலம் எத்தனை வீடுகளைத் துண்டிக்கிறது என்பது வெளிப்படும். பாலத்துக்கான கோரிக்கை மனுவில் இந்த ஒரு எண் பல பக்க விளக்கத்துக்கு ஈடாகும்.

நூறு நாள் வேலைப் பணிகள் ஏற்கெனவே ஜியோடேக் செய்யப்பட்டிருக்கின்றனவே, அது போதாதா?

2016-இல் ஊரக வளர்ச்சி அமைச்சகமும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தொடங்கிய அந்த முறையில், முடிந்த பணிகள் இடக்குறிப்போடு படமெடுக்கப்பட்டன. 2017 நவம்பரிலிருந்து பணிக்கு முன், பணியின்போது, பணிக்குப் பின் என மூன்று கட்டங்களிலும் எடுக்கப்பட்டன. பணி நடந்தது என்பதற்கு இது சான்று. அந்தப் பணி அங்கே தேவைப்பட்டதா என்பதற்குச் சான்றாகாது. மேலும், இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள வரத்துக்கால்வாய் தூர்வாரல் ஒரே ஒரு புள்ளியாகப் பதிவாகியிருந்தால், தூர்வாரியது எங்கிருந்து எங்கே வரை என்று அதிலிருந்து அறிய முடியாது. பழைய புள்ளிகளைத் தரவிறக்கி, பணி மேற்பார்வையாளரோடும் பணித்தளப் பொறுப்பாளரோடும் உட்கார்ந்து அவற்றைக் கோடுகளாகவும் பரப்புகளாகவும் மாற்றி வரைவது பயனுள்ள வேலை.

எந்த மென்பொருள்? கூகுள் எர்த் மட்டும் போதுமா?

பார்ப்பதற்கும், பழைய ஆண்டுப் படங்களோடு ஒப்பிடுவதற்கும், கரையைச் சுற்றிக் கோடு வரைவதற்கும் கூகுள் எர்த் போதும். அட்டவணை இணைப்பு, பாதைத் தூரம், பரப்புக் கணக்கு என்று வரும்போது கியூ.ஜி.ஐ.எஸ். தேவை. இது 2002-இல் தொடங்கப்பட்ட திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, தமிழ் எழுத்துகளில் பெயர்களையும் சேமிக்கும். எட்டு ஜி.பி. நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதுமானது. களப்பதிவுக்கு அலைபேசியே போதும். திறந்த வெளியில் அதன் பிழை சில மீட்டர்தான், தோப்புக்குள் கூடும். டிரோன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் ஆண்டில் வேண்டாம்.

புள்ளிகள் இடம் மாறி விழுகின்றன. பரப்பும் தவறாக வருகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். இராமநாதபுரத்துக் கைப்பம்பு அப்போது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். இதைக் கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாவது, பழைய நிலவரைபடத்தின் அடிப்படைக் கோளம் (பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட கணித மாதிரி) வேறு. 1802-இல் பரங்கிமலையில் லாம்டன் அளவைப் பணியைத் தொடங்கிய மரபில் வந்த இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, அலைபேசியோ டபிள்யூ.ஜி.எஸ்.84 முறையில் இடம் காட்டுகிறது. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டருக்கு மேல்கூட விலகல் வரும்.

மூன்றாவது நம் பகுதிக்கே உரியது. பூமியை வடக்கு தெற்காக நீளும் பட்டைகளாகப் பிரித்து, பரப்பைக் கணக்கிட உதவும் யு.டி.எம். மண்டலங்களில் 43-க்கும் 44-க்கும் எல்லை 78 பாகைத் தீர்க்கரேகை. அது தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. விருதுநகர் நகரம் 43-இல் இருக்கிறது, அருப்புக்கோட்டை 44-இல் இருக்கிறது. மதுரை 44, திண்டுக்கல் 43. ஒரே மாவட்டத்தின் இரு ஒன்றியங்களில் தனித்தனியாகப் பதிந்த கோப்புகளை இணைக்கும்போது, கோப்பின் மண்டலக் குறிப்பு விடுபட்டிருந்தால், ஓர் ஒன்றியம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மண்டலத்தை முடிவு செய்து, அதை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். எல்லையை ஒட்டிய பகுதியில் எந்த மண்டலத்தைத் தேர்ந்தாலும் பரப்பில் வரும் வேறுபாடு திட்டமிடலைப் பாதிக்கும் அளவுக்கு இராது.

இந்த வரைபடத்தைக் காட்டி ஆக்கிரமிப்பை அகற்றலாமா?

முடியாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தைப் பொருத்தி வைத்ததில் சில மீட்டர் பிழை எப்போதும் இருக்கும். அந்தச் சில மீட்டரில்தான் தகராறு இருக்கும். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும், நில அளவையர் வந்து அளந்து எல்லை குறித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ஊராட்சியின் வரைபடம் எந்தப் புலங்களை அளக்கக் கோருவது என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவே. யாருடைய பெயரையும் அதில் எழுதிக் காட்டுவது தேவையற்ற பகையை வளர்க்கும்.

கிராம சபையில் இதை எப்படி வைப்பது?

திரையில் ஒளிப்படமாகக் காட்டாதீர்கள். பெரிய தாளில் அச்சிட்டுத் தரையில் விரியுங்கள். கோயில், கடை, பேருந்து நிறுத்தம், பெரிய மரங்கள் ஆகியவை அதில் பெயரோடு இருக்கட்டும், அப்போதுதான் மக்கள் தம் இடத்தைக் கண்டுகொள்வார்கள். பக்கத்தில் பேனாக்களை வையுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2 கூட்டத்தில் தொடங்குவதால், ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே திருத்தங்களுக்காக வரைபடத்தை வைத்துவிடுவது நல்லது.

இதற்கு முன்னோடி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரி ஊராட்சியில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முன்முயற்சியில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் புலம் புலமாக நடந்து நிலம், நீர், பயிர் ஆகியவற்றை வரைந்தார்கள். கணினி அப்போது அவர்கள் கையில் இல்லை. 1996-இல் கேரளம் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு அந்த அனுபவம் துணைநின்றது.

வரைபடத்தில் விடுபட்டுப்போவது யார்?

பொதுவாக ஊருக்குச் சற்றுத் தள்ளி இருப்பவர்கள். பல தரவுத் தொகுப்புகளில் ஒரு கிராமம் முழுவதும் ஒரே புள்ளி. அந்தப் புள்ளி ஊரின் நடுவில் விழும். அரை மைல் தள்ளியிருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பு, ஓடைக்கு அப்பாலுள்ள இருளர் வீடுகள், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் குடிசைகள் ஆகியவை அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். "இக்கிராமத்துக்குச் சாலை உண்டு, மேல்நிலைத் தொட்டி உண்டு" என்று அட்டவணை சொல்வதும் அதனால்தான். ஒவ்வொரு குடியிருப்பையும் தனிப் பரப்பாக வரைந்து, குடிநீர்க் குழாய் எங்கே முடிகிறது, தெருவிளக்கு எங்கே முடிகிறது, மயானத்துக்குப் பாதை இருக்கிறதா என்பதைத் தனித்தனியே பதிய வேண்டும். மேய்ச்சல் தடங்களும் இப்படியே விடுபடும். மேய்க்கால் புறம்போக்கு செயற்கைக்கோள் படத்தில் தரிசாகத் தெரிவதால், மரம் நட ஏற்ற காலி இடமென்று யாராவது குறித்துவிடுவார்கள். ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது? கோப்புகள் யாரிடம் இருக்க வேண்டும்?

எல்லைகளும் கண்மாய்ச் சங்கிலியும் ஒருமுறை சரியாக அமைந்தால் அரிதாகவே மாறும். பணிகள், குழாய்கள், விளக்குகள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் கூட்டத்துக்கு முந்தைய மாதத்தில் புதுப்பித்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் பதிந்தவரின் பொறுப்பையும் பதிந்த தேதியையும் எழுதும் பத்தி இருக்கட்டும். பல ஊராட்சிகளில் இந்த முயற்சி நின்றுபோவது, வரைந்தவரின் சொந்த மடிக்கணினியில் கோப்புகள் இருந்து, அவர் மாறுதலாகிச் சென்ற அன்றுதான். எனவே கோப்புத் தொகுப்பு ஒன்று ஊராட்சி அலுவலகக் கணினியிலும், மற்றொன்று ஒன்றிய அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அவற்றோடு அச்சிட்ட பெரிய படம் ஒன்று, மக்கள் பேனாவால் திருத்திய குறிப்புகளோடு, அலமாரியில் பதிவேடுகளுடன் சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தீர்மானப் புத்தகத்துக்கு அடுத்த வரியாக இந்தத் தொகுப்பையும் எழுதிக் கையொப்பம் பெற்றுவிடுங்கள்.